அடுப்பில் தொங்கிய கடைசி வரிசை

வெண்டலின் டோம்மெஸ் மாதிரி ஒரு கல்லுளிமங்கனை மோசல் ஆற்றின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. அந்த மனிதர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். சொல்லாமல் இருந்துவிட்டால் அது இன்னும் மோசம். அக்டோபர் கடைசியில், திராட்சை அறுவடை முடியப்போகிற சமயம், கூலியாட்களும் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

“அடுப்புல மேல் வரிசையை வெட்ட வேண்டாம். வலை கட்டி விட்டுடுவோம். ஐஸ் ஒயினுக்கு.”

மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? அடுப்பு என்பது அவர்கள் நிலத்தில் ஒரு துண்டின் பெயர். சரிவின் நடுவயிற்றில், ஆடு ஏறவே யோசிக்கிற செங்குத்தில் இருந்தது. மேலே உயரமான கல்சுவர், கீழே ஆறு, காலடியெல்லாம் கறுத்த சிலேட்டுக் கல். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிற கல் ராத்திரி முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். ஐஸ் ஒயினுக்கோ கொடியிலேயே குலை கல்லாக உறைய வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி குளிர் வந்தால்தான் வெட்டலாம், அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறினாலும் சட்டப்படி அது ஐஸ் ஒயின் இல்லை.

“அடுப்புல போய் ஐஸ் வைக்கிறீங்களே முதலாளி” என்றான் போலந்திலிருந்து வருஷா வருஷம் வருகிற ஸ்வாவெக்.

“நரிக்குழிப் பழம் அழுகிடுச்சு. இது ஒண்ணுதான் தொங்கத் தாங்கும்” என்றார் வெண்டலின். நரிக்குழி அவர்களுடைய இன்னொரு துண்டு, குளிர் வந்து தேங்குகிற பள்ளம். அவர் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மேசையின் மறுகோடியில் அவர் மகள் மரென் கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பத்து மூன்று வயது. நிலவறையும் பீப்பாய்களும் அவள் பொறுப்பு, சரிவில் பாதி வேலையும் அவள் பொறுப்பு. அந்த வீட்டில் அறுவடை எப்போது முடிகிறதோ அப்போதுதான் அவள் போகலாம்.

போவது என்றால் சும்மா போவது இல்லை. டாஸ்மேனியாவில் ஒரு சின்னத் தோட்டம். கூடப் படித்த இங்கா அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டு ரீஸ்லிங் திராட்சை போட்டிருக்கிறாள். நிலவறைக்கு ஆள் வேண்டும், நீதான் வேண்டும், வா என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவர்களுக்கு அறுவடை மார்ச்சில். பிப்ரவரி பிறக்கும்போது மரென் அங்கே இருக்க வேண்டும். ஆகஸ்டிலேயே அப்பாவிடம் சொல்லியாயிற்று. சரிவைப் பக்கத்துத் தோட்டத்து ஏகோன் மாமாவின் மகன்கள் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்பதையும் சொல்லியாயிற்று. அவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“ஹோல்கர் மாதிரியா?” என்றார்.

ஹோல்கர் அவள் அண்ணன். அவன் பெயரைப் பல வருஷம் கழித்து அன்றுதான் அவர் வாயில் கேட்டாள். அவன் போன கதை ஊருக்கே தெரியும். அறுவடை நடுவில் ஒருநாள் மத்தியானம், பழம் நிரம்பிய முதுகுக்கூடையைச் சரிவின் பாதியில் இறக்கி வைத்தான். கத்தரிக்கோலைக் கூடைமேல் வைத்தான். இறங்கிப் படகுத்துறைக்குப் போனவன் போனவன்தான். அப்பாவுக்கும் அவனுக்கும் முதல்நாள் என்ன பேச்சு நடந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கரையில் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவது ஒரு குற்றம் இல்லை. கொடியில் குலை தொங்கும்போது போவதுதான் குற்றம். ‘குலை தொங்கப் போனவன்’ என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். திருமணத்துக்கு, சாவுக்கு எதற்கும் அவன் வரவில்லை. அம்மா செத்தபோது பூ மட்டும் வந்தது.

“அப்படி இல்லப்பா. கடைசிக் கூடையைக் கவுத்துட்டுத்தான் போவேன். சத்தியமா” என்றாள் மரென்.

“சரி” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை அவள் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல் வைத்துக்கொண்டாள். சரி என்றால் சம்மதம் என்று நினைத்தாள், பாவம்.

கடைசிக் கூடை என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். டோம்மெஸ் வீட்டில் மற்ற பழமெல்லாம் மின்சாரப் பிழிபொறிக்குப் போகும். கடைசிக் கூடை மட்டும் முற்றத்தில் நிற்கிற பழைய திருகுசெக்குக்குத்தான். வீட்டுத்தலைவர் அதை முதுகில் சுமந்து, சாய்வுப் பலகையில் ஏறி, தோளுக்கு மேலே செக்குக்குள் கவிழ்ப்பார். கவிழ்த்துவிட்டு, “எல்லாம் உள்ள வந்தாச்சு” என்பார். அதைச் சொல்கிறவரைக்கும் யாரும் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது, பயணம் போகக் கூடாது. வெண்டலினுக்கு அவர் அப்பா ஒரு வருஷம் கூடையை நீட்டி, “இந்தா, நீ கவுத்து” என்றார். அன்றிலிருந்து சரிவு அவருடையது. எழுத்து, கையெழுத்து எல்லாம் அப்புறம் வந்தவை. யார் கவிழ்க்கிறாரோ அவர்தான் வீடு.

அப்படியாக, ஊரில் எல்லார் வீட்டிலும் அறுவடை முடிந்து கத்தரிக்கோல் ஆணிக்குப் போய்விட்டது. டோம்மெஸ் வீட்டில் மட்டும் முடியவில்லை. அடுப்பின் மேல் வரிசையில், வலைக்குள்ளே, குலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன.

நவம்பரில் மழை. மார்ட்டின் திருநாளுக்குப் பிள்ளைகள் விளக்கு ஏந்தி ஊர்வலம் போனபோது மேல்கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவு கதகதப்பு. டிசம்பரில் மூடுபனி. ஆறு தெரியவில்லை, ஆற்றில் போகிற சரக்குப் படகின் சத்தம் மட்டும் கேட்டது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு வாசலில் ரோஜா ஒன்று பூத்துத் தொலைத்தது. ஜனவரியில் மூவரசர் திருநாளுக்கு வந்த பிள்ளைகள் கதவு நிலையில் சுண்ணாம்புக்கட்டியால் ஆசி எழுதிவிட்டு, ‘அக்கா, ரொம்ப வேர்க்குது’ என்று தங்கள் காகிதக் கிரீடத்தைக் கழற்றினார்கள். மரெனுக்கு அழலாம்போல இருந்தது.

ஒவ்வொரு நாளும் சாயங்காலச் செய்தியில் வானிலை வரும்போது அப்பாவும் மகளும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்வார்கள். திரையில் நல்ல நீலச் சட்டை போட்ட பெண் சிரித்துக்கொண்டே, மேற்கிலிருந்து மிதமான காற்று என்பாள். வெண்டலின் எழுந்து, “இன்னிக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார். அந்த இரண்டு சொல்லில் வருத்தம் துளியும் இல்லை என்பது மரெனுக்குக் காதில் விழாமல் இல்லை. விழுந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சும்மா காத்திருக்கவும் முடியாதே. ஜனவரி வந்தால் கவாத்து வந்துவிடும். மற்ற துண்டுகளில் போன வருஷத்துக் கொடியை வெட்டி, இந்த வருஷத்துக்கு எந்தக் கொம்பு என்று தேர்ந்தெடுத்து விட்டாக வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற அந்தக் குட்டி வண்டியில் உட்கார்ந்து மேலே போய், காலைப் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு கொடியாக வெட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு கொடியில் எதை விடுகிறோம் என்று முடிவு செய்தவளுக்கு அது மே மாதம் எப்படித் துளிர்க்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. இந்தத் தொழிலில் அதுதான் சனி. ஒரு வருஷம் முடிவதற்குள் அடுத்த வருஷம் கையைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய கொம்பு காலடியில் குவியக் குவிய, தன் காலைச் சுற்றி யாரோ கயிறு போடுவதுபோல் அவளுக்கு மூச்சு முட்டியது.

இங்கா போன் செய்தாள்.

“என்னடி, இன்னும் அந்தக் குளிருக்குத் தவம் கிடக்கியா? இங்க காய் பருத்தாச்சு. என் வீட்டுக்காரர் தினமும் கேக்குறார், உன் தோழி வர்றாளா, இல்ல கதை விடுறாளான்னு.”

“வர்றேன்டி. ஒரு வரிசைதான் பாக்கி.”

“ஒரு வரிசை. உங்கப்பா உன்ன நல்லா வச்சு செய்யுறார், போ. இந்த மாசக் கடைசிக்குள்ள நீ விமானம் ஏறலேன்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். கோவிச்சுக்காத. பழம் எனக்காகவும் நிக்காது, உனக்காகவும் நிக்காது.”

மரென் போனை வைத்தாள். இலவு காத்த கிளி என்று கேட்டிருக்கிறோமே, அதற்காவது பஞ்சு மிஞ்சியது.

மறுநாள் அடுப்பில் வலையைச் சரிபார்க்கப் போனாள். வலைக்குள் கரும்பறவை ஒன்று எப்படியோ புகுந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெளியே வரத் தெரியாமல் அங்கும் இங்கும் மோதிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வெளியே விட்டாள். கல்சுவரின் அடியில் ஏகோன் மாமா உட்கார்ந்து ரொட்டியும் ஈரல் தொத்திறைச்சியும் தின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் துண்டு அவருடையது. அப்பாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். வாய் ஒன்று மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய பூனை சுவரை ஒட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

“வா தாயி. உக்காரு. முதுகை அந்தக் கல்லுல சாய்ச்சுக்கோ. ஜனவரில இந்த ஜில்லாவுலயே ஓசியில சூடு கிடைக்கிற இடம் இது ஒண்ணுதான்.”

அவள் உட்கார்ந்தாள். கல் வெதுவெதுவென்று இருந்தது.

“மாமா, குளிர் எப்ப வரும்?”

“இங்கயா?” ஏகோன் மாமா மெல்லுவதை நிறுத்தினார். “போன வாரம் நரிக்குழில வந்துச்சே. காலைல போனேன், பள்ளத்துத் தண்ணியெல்லாம் கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. மேல நடந்தேன், உடையல. அங்க மட்டும் குலை தொங்கியிருந்தா அன்னிக்கே ஐஸ் ஒயின்தான். இங்க என்னைக்கு வந்துருக்கு? என் பூனையைக் கேளு.”

“நரிக்குழிப் பழம் அழுகிடுச்சே மாமா.”

அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அப்புறம் தொத்திறைச்சித் தோலைப் பூனைக்குப் போட்டார்.

“அழுகுச்சா? யாரு சொன்னா? அதை ஊர்ல எல்லாருக்கும் முன்னால வெட்டச் சொன்னது உங்கப்பன். வேலி ஓரமா நின்னு பாத்தேன், மணி மணியா இருந்துச்சு. இந்தா பாரு, நான் குடும்பத்துல மூக்கை நுழைக்கிற ஆளு இல்ல…”

“நீங்களா?”

“சரி, நுழைக்கிற ஆளுதான். அதனால சொல்றேன். வெண்டலினுக்கு ஐஸ் வேணும்னா நரிக்குழிய விட்டுருப்பான். பொண்ணு வேணும். அதான் அடுப்புல தொங்க விட்டுருக்கான். ஊரே இதப் பேசிச் சிரிக்குது. உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.”

மரெனுக்கு முகம் சுட்டது. முதலில் வந்தது கோபம். இப்படியும் ஒரு மனிதர் செய்வாரா, பெற்ற மகளை நாலு குலையைக் காட்டிக் கட்டிப்போடுவாரா என்று பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்து இன்னொன்று தலையை நீட்டியது, அதுதான் அவளை நிறுத்தியது.

நரிக்குழிப் பழத்தைப் பிழிந்தது யார்? அவள்தான். அந்தச் சாறு தொட்டிக்கு வந்தபோது விரலை விட்டு நக்கிப் பார்த்து, “இந்த வருஷத்துலயே சுத்தமான சாறு இதுதான்” என்று ஸ்வாவெக்கிடம் சொன்னதும் அவள்தான். அது நடந்து சில நாள்கூட ஆகாதபோது மேசையில் அப்பா ‘அழுகிடுச்சு’ என்றார், அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தச் சரிவில் பிறந்தவளுக்கு அடுப்பில் ஐஸ் பிடிக்காது என்று ஏகோனின் பூனை வந்தா சொல்ல வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அப்பா என்றால், சோற்றை அள்ளி அதன்மேல் போட்டவள் அவள். வலையை அவருடன் சேர்ந்து கட்டியவளும் அவள்தான்.

ஏன்? அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளக் கூசினாள். போகப் பயமாக இருந்தது. அங்கே இருக்கிற கல் தெரியாது, காற்று தெரியாது, ஒருத்தரும் தெரியாது. இங்கே இருக்கவும் முடியவில்லை. இருபது வருஷமாக, சால் ஓட்டும்போது மேலே கயிற்றை விட்டு இழுக்கிற இழுவைப்பொறி அருகில் நின்று, கயிற்றின் நுனியில் கலப்பையோடு இறங்கும் அப்பாவின் கையசைப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை. அவர் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், இறக்கினால் விட வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போனால் இன்னொருவர் சும்மா நிற்க வேண்டியதுதான். முன்னால் ஹோல்கர் நின்ற இடத்தில்தான் அவள் நின்றாள். கயிறு யாரைக் கட்டியிருக்கிறது என்று அவளுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை.

“என்ன தாயி, போறியா?” என்றார் ஏகோன் மாமா.

“வெட்டப் போறேன்” என்றாள்.

அன்று மத்தியானமே வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டுப் போட்டாள். இங்காவுக்குச் சொன்னாள், அவள் போனில் கூச்சல் போட்டாள். வியாழன் காலையில் மரென் முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறாமல், கால்நடையாக அடுப்புக்குப் போனாள். வலையை அவிழ்த்தாள். இளந்தூறல். குலைகள் சுருங்கி, பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற நிலை. பாதியைப் பறவைகள் முடித்திருந்தன. ஐஸ் ஒயினும் இல்லை, எந்த ஒயினும் இல்லை. ஆனாலும் ஒரு மணியையும் தரையில் விடாமல் வெட்டினாள். அது பழக்கம். சின்ன வயதில் கீழே விழுந்த மணியைப் பொறுக்காமல் நடந்தால் அம்மா காதைத் திருகுவாள். வெட்டி முடித்தபோது கூடை முக்கால் நிறைந்திருந்தது.

இறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. முடிந்தது. சத்தியம் காப்பாற்றியாயிற்று. ஹோல்கர் மாதிரி இல்லை.

முற்றத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

திருகுசெக்கு கழுவித் துடைத்து வைத்திருந்தது. சாய்வுப் பலகை போட்டிருந்தது. பக்கத்தில் அப்பா, கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, வாரிய தலை. கொஞ்சம் தள்ளி ஏகோன் மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் இருந்தால் சும்மா இருக்குமா, போய்ச் சொல்லியிருக்கிறார். அப்பா தன் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். கூடையை வாங்க நீளவில்லை அந்தக் கைகள்.

அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. அவர் குளிருக்குக் காத்திருக்கவில்லை, சரி. அவள் பொறுமை இழக்கும் நாளுக்குக் காத்திருந்தார். தானே வெட்டி, தானே சுமந்து, தானே வந்து கவிழ்ப்பாள். கவிழ்க்கிறவர்தான் வீடு. கவிழ்க்காவிட்டால் அறுவடை முடியாது, போக முடியாது. கவிழ்த்தால் சரிவு அவளுடையது, போகவே முடியாது.

“இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க?” என்றாள்.

“ஆமா” என்றார் வெண்டலின். மழுப்பவில்லை. அந்த ஒரு நேர்மை அவரிடம் உண்டு.

“நரிக்குழிப் பழம் அழுகல.”

“அழுகல.”

மரென் தோள்வாரைக் கழற்றினாள். கூடையை அவர் காலடியில், கல் தரையில், நிறுத்தி வைத்தாள். கத்தரிக்கோலை அதன்மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் அண்ணன் செய்ததும் இதேதான் என்று தோன்றியது. அப்பாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும், அவர் கண் அந்தக் கத்தரிக்கோலை விட்டு நகரவில்லை.

“கடைசிக் கூடை இதுப்பா. நான் சொன்ன சொல் இதோட சரி. கவுக்கிறது வீட்டுத்தலைவர் வேலை. அது நீங்கதான்.”

தூறல் செக்கின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவன் போறதுக்கு முந்தின நாள் எங்கிட்டக் கேட்டான்” என்றார் வெண்டலின் திடீரென்று. “எனக்குக் கொஞ்சம் மூச்சு விடணும், போகட்டுமாப்பான்னு கேட்டான். நான் பதில் சொல்லல. அறுவடைக்கு நடுவுல என்ன பேச்சுன்னு திரும்பிப் படுத்துட்டேன். சரின்னு சொல்லியிருந்தா அறுவடை முடிச்சுட்டுப் போயிருப்பான். வருஷத்துக்கு ஒருக்கா வந்துருப்பான்.” அவர் கோட்டைக் கழற்றி ஏகோனிடம் நீட்டினார். “நீ போ புள்ள. நான் கவுக்கிறேன்.”

“வெண்டல், உன் தோளு…” என்றார் ஏகோன்.

“வாயை மூடுடா.”

அவர் குனிந்தார். வலது தோளில் நரம்பு அறுந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மருத்துவர் வாளித் தண்ணீர்கூடத் தூக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். வாரை மாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்துவிட்டார். சாய்வுப் பலகையில் ஒரு காலை வைத்தார், அடுத்ததை வைத்தார். மரென் நகரவில்லை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தாள். ‘தூக்குங்கப்பா, தூக்கிடுங்க’ என்று உள்ளுக்குள் கெஞ்சினாள், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வெளியே நிற்கிற தாய் மாதிரி. பலகையின் பாதியில் அவருக்கு முழங்கால் மடங்கியது. கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பில் குலைகள் வழுக்கின.

ஒரு மணியும் தரையில் விழக் கூடாது. அவள் யோசிக்கவில்லை, அது யோசிக்கிற இடத்திலிருந்து வரவில்லை. இரண்டே பாய்ச்சலில் பலகைக்குப் போய்க் கூடைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். அவரையும் கூடையையும் சேர்த்து நெம்பினாள். குலைகள் மொத்தமாகச் செக்குக்குள் போய் விழுந்தன.

மூவரும் நின்றார்கள். அவளுடைய தோளிலிருந்து முழங்கைவரைக்கும் சாறு வழிந்துகொண்டிருந்தது. அப்பா செக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாங்கி முடிப்பதற்கு முன்னாலேயே, யாரும் எதுவும் சொல்லிவிடுவதற்கு முன்னாலேயே, கரகரத்த குரலில் கத்தினார்.

“எல்லாம் உள்ள வந்தாச்சு.” திரும்பி ஏகோனைப் பார்த்தார். “நான்தான் கவுத்தேன். பாத்தல்ல?”

ஏகோன் மாமா அவரைப் பார்த்தார். மரெனைப் பார்த்தார். அவள் சட்டையில் வழிகிற சாற்றைப் பார்த்தார். ஊரில் ஒரு கல்யாணத்தில் பந்தி முறை மாறினால்கூட விடாத மனிதர், பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் காப்பாற்றாதவர்.

“பாத்தேன்” என்றார். “நீதான் கவுத்த வெண்டல். நல்லாப் பாத்தேன்.” தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டைச் செக்கின் பிடியில் மாட்டிவிட்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

“போ, முகம் கழுவு. நாளைக்கு ரயிலுக்குச் சீக்கிரம் எந்திரிக்கணும்” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

மரென் மாடிக்குப் போனாள். மார்ட்டின் திருநாளிலிருந்து கட்டி வைத்த பெட்டி கட்டிலின் ஓரத்தில் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. வீட்டில் ஒரு பூட்டும் இல்லை, ஒரு வலையும் இல்லை, தொங்குகிற குலை ஒன்றுகூட இல்லை. அவள் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

கீழே திருகுசெக்கு கிரீச்சிட்டது. பழம் உள்ளே போனால் அன்றைக்கே பிழிய வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அந்தத் திருகுமரத்தை இரண்டு பேர் எதிரெதிராக நின்று தள்ள வேண்டும். கிரீச்சென்று அரைச் சுற்று. நின்றது. ஒரு இருமல். மறுபடி கிரீச். அரைச் சுற்றுகூட இல்லை, கால். நின்றது. அவர் ஒற்றைத் தோளால் முட்டித் தள்ளுகிறார் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

கூப்பிடுவார் என்று நினைத்தாள். மரென் என்று ஒரு குரல் வரும், உடனே எரிச்சல் பொங்கும், பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த நிமிஷமே கிளம்பிவிடலாம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செக்கு கிரீச்சிட்டது, நின்றது. கிரீச்சிட்டது, நின்றது. அவர் கூப்பிடவில்லை. அவருக்கும் பிடிவாதம்தானே, கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்காத பிடிவாதம்.

சாறு காய்ந்து கை பிசுபிசுத்தது. அவள் எழுந்து, முகம் கழுவாமல், கீழே இறங்கினாள். செக்கின் மறுபக்கம் போய் நின்று திருகுமரத்தில் கையை வைத்தாள். அப்பா அவளைப் பார்த்ததும் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார், கண் கலங்கி இருந்தது. அவள் தள்ளினாள். செக்கு முழுச் சுற்று சுற்றியது.

அவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.